உஷார்! மனைவியின் ஊரில் ஓய்வா? பிரிட்டிஷ் பென்ஷன் உங்களோடு வளராது

2016 ஏப்ரலில் பிரிட்டனில் புதிய அரசு பென்ஷன் நடைமுறைக்கு வந்தது. முழுத் தகுதி உள்ளவருக்கு வாரம் 155.65 பவுண்ட். அந்த மாதம் ஓய்வு வயதை எட்டி, பெட்டி படுக்கையோடு மனைவியின் ஊரான திருச்சிக்கோ மதுரைக்கோ குடிபோய்விட்ட ஒருவருக்கு இன்றுவரை வாரம் 155.65 பவுண்ட்தான் வருகிறது. அதே மாதம் ஓய்வுபெற்று லண்டனிலேயே இருந்துவிட்ட அவருடைய பழைய பக்கத்து வீட்டுக்காரருக்கு, 2025 ஏப்ரலில் 230.25 பவுண்ட் ஆகிவிட்டது. இருவரும் கட்டிய தேசியக் காப்பீடு ஒன்றுதான். உழைத்த வருஷங்களும் ஒன்றுதான். ஆனாலும் ஒரே வருஷத்தில் 3,879 பவுண்ட் வித்தியாசம். அந்த வித்தியாசம் ஒவ்வோர் ஏப்ரலிலும் இன்னும் கொஞ்சம் அகலமாகும்.

இதைத் தெரியாமல் கிளம்புகிறவர்கள் நம்மில் ஏராளம். ஊரில் ஒரு வீடு, மச்சான்மார் பக்கத்தில், வெயிலும் உண்டு, கோவிலும் உண்டு, பவுண்டை ரூபாயாக மாற்றினால் ராஜவாழ்க்கை என்ற நினைப்பில் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். போவது தப்பு என்று நான் சொல்லவில்லை. முப்பது வருஷம் குளிரில் இரவு ஷிப்ட் பார்த்த மனிதர் கடைசிக் காலத்தை நிம்மதியாகக் கழிக்க ஆசைப்படுவதில் என்ன தப்பு? ஆனால் அவர் போகும்போது பின்னால் எந்தெந்தக் கதவுகள் சாத்தப்படுகின்றன என்று யாரும் அவரிடம் சொல்வதில்லை. அதுதான் என் பயம்.

முதல் கதவு பென்ஷன். பிரிட்டிஷ் அரசு பென்ஷனை உலகின் எந்த மூலைக்கும் வரவழைக்கலாம், உண்மைதான். வருடாந்திர உயர்வு மட்டும் எல்லா நாட்டுக்கும் வராது. அமெரிக்கா, பிலிப்பைன்ஸ், மொரீஷியஸ், ஜமைக்கா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு வரும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு வராது. தமிழர் வேரூன்றிய நாடுகளில் பலவும் உயர்வு இல்லாத பட்டியலில்தான் இருக்கின்றன. இப்படி உறைந்த பென்ஷன் வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க நாலரை லட்சம் பேர் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஓய்வுபெற்றுக் கிளம்பியவருக்குப் பழைய அடிப்படை பென்ஷன் வாரம் 67.50. இன்றும் அவர் உயிரோடு இருந்தால் அதே 67.50தான். பிரிட்டனில் இருப்பவருக்கு அதே பென்ஷன் 2025இல் 176.45 ஆகிவிட்டது.

வழக்குப் போட்டு வெல்லலாம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் என்ற பெண்மணி இதை எதிர்த்து உச்சபட்சம்வரை போராடினார். 2005இல் பிரபுக்கள் சபையில் தோற்றார். ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வும் 2010 மார்ச்சில், பதினொருவருக்கு ஆறு பேர் என்ற கணக்கில், அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது. கட்சி மாறி ஆட்சி மாறியும் இந்த விதி மாறவில்லை.

"ரூபாய் விழுந்துகொண்டேதானே இருக்கிறது, பவுண்டுக்குக் கூடுதல் ரூபாய் கிடைத்தால் அந்த ஈடு போதாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 2007இல் ஒரு பவுண்டுக்கு எண்பது ரூபாய்க்குச் சற்று மேலே கிடைத்தது. 2020 தொடக்கத்தில் தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றுமூன்று. பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்தில் கூடியது பதினைந்து சதவீதம் போல. அதே காலத்தில் ஊரில் அரிசி, பால், வீட்டு வேலைக்கு வருகிறவரின் சம்பளம், ஆஸ்பத்திரி பில் எல்லாம் எவ்வளவு ஏறின என்று ஊரில் இருக்கும் யாரையாவது கேட்டுப் பாருங்கள். இடையில் 2016 ஜூனில் பிரெக்ஸிட் வாக்கெடுப்பின் முடிவு வந்தபோது பவுண்ட் ஒரே இரவில் சரிந்தது. பென்ஷனை மட்டும் நம்பி ஊரில் இருந்தவர்களின் மாத வருமானமும் அன்றே சரிந்தது. நாணய மாற்று விலை சில வருஷம் கைகொடுக்கும், சில வருஷம் காலை வாரும். அறுபத்தேழு வயதில் போகிறவர் எண்பத்தைந்து வயதுவரை வாழப்போகிறார் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

கம்பெனி பென்ஷன் இருப்பவர்கள் கொஞ்சம் மூச்சு விடலாம். சம்பளத்தையும் சர்வீஸையும் வைத்துக் கணக்கிடும் பழைய வகைத் திட்டங்களில் விலைவாசி உயர்வு சேரும் என்று விதி இருந்தால், நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் அது சேரும். அந்த விதிப் புத்தகத்தை எடுத்துப் படியுங்கள்.

நம் ஆட்களில் பலருக்கு முழுப் பென்ஷனே கிடையாது. அதற்கு 35 வருஷம் காப்பீடு கட்டியிருக்க வேண்டும். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் வந்தவர்களுக்கு, விசா முடிவுக்காகக் காத்திருந்த வருஷங்கள், பெட்ரோல் நிலையத்திலும் கடையிலும் கையில் காசாக வாங்கி வேலை பார்த்த வருஷங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் ஓட்டையாகவே நிற்கின்றன. கணவருக்கு 20 வருஷம், மனைவிக்கு 10 வருஷம் என்று வையுங்கள். 2025இன் விகிதப்படி இருவருக்கும் சேர்த்து வாரம் சுமார் 197 பவுண்ட் வரும். பிரிட்டனில் இருந்தால், இருவரும் ஓய்வு வயதைக் கடந்தவர்கள், வேறு வருமானமோ பெரிய சேமிப்போ இல்லை என்றால், பென்ஷன் கிரெடிட் அதை 346.60 வரை தூக்கிவிடும். வாரம் ஏறக்குறைய 150 பவுண்ட் அரசு சேர்த்துக் கொடுக்கிறது. நாட்டை விட்டுப் போனால் அந்தத் தொகை அப்படியே நின்றுவிடும். தற்காலிகமாகப் போனாலும் சாதாரணமாக நான்கு வாரம்தான் அனுமதி. அதாவது உறைந்த பென்ஷன் என்ற பிரச்சினைக்கு முன்னாலேயே, வருமானத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு போகிற நாளிலேயே போய்விடுகிறது.

இங்கேதான் சிலர் ஒரு வழி சொல்லிக்கொடுப்பார்கள்: "மகன் வீட்டு விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போ, யாருக்குத் தெரியும்?" தயவுசெய்து கேட்காதீர்கள். வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்தால் பென்ஷன் இலாகாவிடம் சொல்ல வேண்டியது சட்டப்படியான கடமை. மறைத்து உயர்வும் கிரெடிட்டும் வாங்கினால் அது மோசடி. எழுபத்தைந்து வயதில், பல வருஷப் பணத்தையும் திருப்பிக் கட்டு என்று கடிதம் வரும்போது மகனும் சேர்ந்து மாட்டுவான். கவுன்சில் வீட்டை யாருக்காவது உள்வாடகைக்கு விட்டுவிட்டு ஊருக்குப் போவதும் அப்படித்தான். 2013இன் சமூக வீட்டு மோசடித் தடுப்புச் சட்டத்தின்படி அது குற்றம். அந்த வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போகிறவருக்குத் திரும்பி வந்தால் மறுபடி அது கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்தக் கட்டுரையை எழுதவே காரணம் இதுதான்.

கணவர் யாழ்ப்பாணத்தில் பிறந்து பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர். மனைவி தமிழ்நாட்டுக்காரர், கல்யாணமாகி வந்து நிரந்தர வதிவிட உரிமை, அதாவது நம் ஆட்கள் ஐஎல்ஆர் என்று சொல்வது, வாங்கியவர். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை என்பதால், அப்பாவின் நிலமும் பாஸ்போர்ட்டும் கையை விட்டுப் போகக் கூடாது என்று இந்தியப் பாஸ்போர்ட்டையே வைத்திருக்கிறார். இப்படிப்பட்ட குடும்பங்கள் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் டூட்டிங்கிலும் எத்தனையோ. இந்தத் தம்பதி மனைவியின் ஊருக்குப் போகிறார்கள். தொடர்ந்து இரண்டு வருஷத்துக்கு மேல் பிரிட்டனுக்கு வெளியே இருந்தால் மனைவியின் ஐஎல்ஆர் காலாவதியாகிவிடும். கடிதம் வராது, எச்சரிக்கை வராது. தானாகவே போய்விடும். இடையில் ஒரு முறை வந்து தலைகாட்டிவிட்டுப் போனால் போதும் என்று நினைக்கிறார்கள். குடியிருக்கத்தான் வருகிறீர்களா என்று விமான நிலையத்தில் கேட்கவும், சந்தேகப்பட்டால் மறுக்கவும் அதிகாரிக்கு உரிமை உண்டு.

ஐந்தாறு வருஷம் கழித்துக் கணவருக்கு நெஞ்சில் அடைப்பு. பிள்ளைகள் லண்டனில். திரும்பி வந்துவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். கணவர் குடிமகன், விமானத்தில் ஏறலாம். மனைவி? இழந்த உரிமையைத் திரும்பக் கேட்கும் விசாவுக்கு, பிரிட்டனோடு தனக்கு வலுவான தொடர்பு உண்டு என்று நிரூபிக்க வேண்டும். அது மறுக்கப்பட்டால் புது மணப்பெண்ணைப் போல வாழ்க்கைத்துணை விசா கேட்க வேண்டும். அதற்கான குறைந்தபட்ச வருமானம் 2024 ஏப்ரல் வரை 18,600 பவுண்டாக இருந்தது. அன்றிலிருந்து 29,000. 2025இல் முழு அரசு பென்ஷன் வருஷத்துக்கு 12,000 பவுண்டைக்கூடத் தொடவில்லை. வருமானம் இல்லாமல் சேமிப்பைக் காட்டுவதென்றால் 88,500 பவுண்ட் வங்கியில் இருக்க வேண்டும். இதற்கு மேல் சுகாதாரக் கட்டணம் என்று வருஷத்துக்கு 1,035 பவுண்ட் முன்கூட்டியே கட்ட வேண்டும். நாற்பது வருஷம் ஒன்றாக வாழ்ந்தவர்களில் ஒருவர் லண்டன் ஆஸ்பத்திரியிலும் ஒருவர் திருச்சியிலும் பிரிந்து கிடக்க இதுவே போதும். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

இதற்கு வழி உண்டு, ஆனால் கிளம்பும் முன் மட்டும்தான் உண்டு. மனைவி பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிவிட்டு, இந்தியாவில் வாழ, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை எடுத்துக்கொள்ளலாம். விண்ணப்பச் செலவு 1,700 பவுண்டுக்கு மேல் ஆகும், வலிக்கும். இந்தியக் குடியுரிமை போய்விடும், அதுவும் வலிக்கும். ஓசிஐ வைத்திருப்பவர் விவசாய நிலமோ பண்ணை வீடோ தோட்டமோ விலைக்கு வாங்க முடியாது. ஓட்டும் கிடையாது. ஆனால் அப்பா வழியில் வரும் நிலத்தை வாரிசாகப் பெறலாம். காலம் முழுக்க ஊரில் தங்கலாம், நினைத்த நாளில் லண்டனுக்கு வரலாம். எது பெரிது என்று தம்பதி உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. அடுத்தவர் சொல்லி எடுக்கக் கூடாது.

கணவரின் நிலையையும் பாருங்கள். அவருக்கு மனைவி வழியாக ஓசிஐ கிடைக்கும். திருமணம் பதிவாகி இரண்டு வருஷமாவது நீடித்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சோதனையும் உண்டு. ஆனால் அந்த அட்டை அந்தத் திருமணத்தின் மேல் நிற்பது. நீதிமன்றத்தில் விவாகரத்து ஆனால் அட்டை ரத்தாகலாம். இலங்கைக் குடிமகனாகவே இருந்து ஓசிஐயும் இல்லாதவர், ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் வீடு வாங்கவே முடியாது. ஐந்து வருஷத்துக்கு மேற்படாத குத்தகை மட்டும்தான்.

அப்புறம் வீடு. சேமிப்பு முழுவதையும் போட்டு, மனைவிக்கு அவர் அப்பா விட்டுப்போன மனையில் மாடி வீடு கட்டுகிறார்கள். பட்டா மனைவி பேரில். நல்ல மனிதர்கள், சண்டை சச்சரவு இல்லை. ஆனால் பிள்ளை இல்லாத தம்பதி என்றால் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், 15ஆம் பிரிவின்படி, ஒரு பெண் தன் தாய் தந்தையிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்து, அவர் உயில் எழுதாமலும் பிள்ளையோ இறந்த பிள்ளையின் பிள்ளைகளோ இல்லாமலும் இறந்தால், அப்பாவின் வாரிசுகளுக்கே போகும். கணவருக்கு வராது. கணவர் சம்பாதித்த பணத்தில் கட்டிய வீடு நிற்கும் மண், மனைவி கண்ணை மூடிய மறுநாளே மச்சான்மாருக்குச் சொந்தம். எழுபத்தெட்டு வயதில், மொழி மட்டும் தெரிந்த ஊரில், வீட்டுக்காக வழக்காடும் நிலை. ஓர் உயில் போதும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த உயில். அதை மனை தோண்டும் முன்பே எழுதி வையுங்கள். பிரிட்டனில் உள்ள சொத்துக்கு அங்கே ஓர் உயில், இந்தியாவில் உள்ளதற்கு இந்தியாவில் ஒன்று என்று, ஒன்றையொன்று ரத்து செய்யாதபடி எழுதித் தரும் வழக்கறிஞரைப் பிடியுங்கள்.

கணவர் முதலில் போனாலும் நிலைமை லேசல்ல. 2016க்குப் பிறகு ஓய்வு வயதை எட்டியவரின் புதிய பென்ஷன் அநேகமாக அவரோடு முடிந்துவிடும். மனைவிக்குத் தான் கட்டிய காப்பீட்டுக்கு உள்ளது மட்டும்தான். சமைத்து, பிள்ளை வளர்த்து, கடையில் சம்பளமில்லாமல் கூட நின்ற பெண்ணுக்குப் பத்து வருஷம்கூடத் தேறாவிட்டால் ஒரு பென்னியும் வராது. பிரிட்டனில் இருந்திருந்தால் பென்ஷன் கிரெடிட் அவரைத் தாங்கியிருக்கும். பிறந்த ஊரில், அண்ணன் தம்பி வீட்டு வாசலில், கையில் காசில்லாத விதவையாக ஒரு பெண் நிற்கும் நிலை வரக் கூடாது. பிள்ளைகள் சிறுசாக இருந்தபோது குழந்தைப் படி வாங்கிய வருஷங்கள் கணக்கில் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். விட்டுப்போன வருஷங்களைப் பொதுவாக ஆறு வருஷம் பின்னோக்கிப் பணம் கட்டி நிரப்பலாம். மனைவியின் கணக்கை முதலில் பாருங்கள், கணவருடையதைப் பிறகு.

மருத்துவம். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் நீங்கள் கட்டிய வரிக்குப் பிரதியாகக் கிடைப்பதல்ல, அந்த நாட்டில் வசிப்பதால் கிடைப்பது. குடிபெயர்ந்த பிறகு ஊரிலிருந்து ஆபரேஷனுக்காக மட்டும் வந்தால், பாஸ்போர்ட் எந்த நிறமானாலும், ஆஸ்பத்திரி செலவில் ஒன்றரை மடங்கு பில் போடலாம். இந்தியாவில் புதிதாகக் காப்பீடு எடுத்தால் சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருஷம்வரை காத்திருக்கச் சொல்ல நிறுவனங்களுக்கு விதியில் இடம் இருக்கிறது. அந்த மூன்று வருஷத்துக்கான தொகையைத் தனியாக எடுத்து வைக்காமல் போகாதீர்கள். வரியும் அப்படியே: ஊரில் நிரந்தரமாகத் தங்கியதும் முதலில் ஓரிரு வருஷச் சலுகை உண்டு, பிறகு உலகத்தில் எங்கிருந்து வரும் வருமானமும் இந்திய வரிக் கணக்கில் வரும். பிரிட்டனில் வரியில்லாத ஐசா சேமிப்பின் வட்டிக்கும் அது பொருந்தும்.

மனைவி இலங்கைக்காரர், யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போகிறோம் என்றாலும் பென்ஷன் அங்கேயும் உறைந்ததுதான். 2022இல் அந்த நாட்டில் மருந்துக் கடைகளில் மருந்தே இல்லாமல் போனதை மறந்துவிட வேண்டாம். பவுண்டுக்கு ரூபாய் கொட்டியது, ஆனால் அந்த ரூபாய்க்கு இன்சுலின் தேடி அலைந்தார்கள்.

ஆகவே, லண்டன் வீட்டை விற்கும் முன், கவுன்சில் சாவியைக் கொடுக்கும் முன், ஒரு முழு வெயில் காலமும் ஒரு மழைக் காலமும் ஊரில் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். ஐஎல்ஆர் கெடுவுக்குள் திரும்பி வந்துவிடுங்கள். பென்ஷன் கிரெடிட்டோ வீட்டு வாடகை உதவியோ வாங்குகிறவர்கள், அந்தப் பயணத்தின் நாள் கணக்கை இலாகாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். போவதாகவே முடிவு செய்தால், உறைவது நீங்கள் போகும் நாளின் விகிதத்தில்தான் என்பதை நினைவில் வையுங்கள். ஏப்ரல் உயர்வு வாங்கிவிட்டுக் கிளம்புவதற்கும் பிப்ரவரியில் கிளம்புவதற்கும் ஆயுள் முழுக்க வித்தியாசம் இருக்கிறது. நிரந்தரமாகத் திரும்பி வந்தால் பென்ஷன் அன்றைய முழு விகிதத்துக்கு ஏறிவிடும், அந்த வாசல் மட்டும் திறந்திருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு அவ்வப்போது உயிரோடிருப்பதற்கான சான்றுப் படிவம் தபாலில் வரும். சாட்சிக் கையெழுத்தோடு திருப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுபோகும். ஊர் விலாசத்தைப் பின்கோடோடு சரியாகக் கொடுத்து வையுங்கள்.

இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. இருவருடைய தேசியக் காப்பீட்டுக் கணக்கையும் பென்ஷன் மதிப்பீட்டையும் தனித்தனியாக எடுத்து மேஜை மேல் வையுங்கள். பக்கத்தில் மனைவியின் பாஸ்போர்ட்டையும் வதிவிட உரிமைக்கான ஆதாரத்தையும் வையுங்கள். இந்தியத் தூதரகத்துக்குப் போகும் முன், ஊரில் மேஸ்திரியிடம் பேசும் முன், குடிவரவுச் சட்டம் தெரிந்த, உரிமம் பெற்ற ஓர் ஆலோசகரிடம் அந்தக் காகிதங்களைக் காட்டி, "நாங்கள் இருவரும் ஒன்றாகத் திரும்பி வர முடியுமா?" என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.